பத்து வயது பி.எம்.டபிள்யூ: பெயரின் வரலாறும் பராமரிப்பின் கணக்கும்

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: 2015-ஆம் ஆண்டு மாடல் பி.எம்.டபிள்யூ 320டி டீசல் கார் ஒன்று, மீட்டரில் 92,000 கிலோமீட்டர் காட்டுவது, 13 லட்சம் ரூபாய்க்கு வருகிறது. நூறாண்டுப் பெயர் பெற்ற கம்பெனி, அந்தப் பணத்துக்குப் புதுச் சிறிய கார் வாங்குவதை விட இதுவே மேல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்கிறார்கள். இரண்டில் எது சரி என்பது கேள்வி. ஆனால் அதை மேலும் ஒருமுறை படித்தால், உண்மையில் கேட்கப்படுவது வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெயரும் வரலாறும், பத்து வயதான ஒரு வண்டியை மூன்றாவது ஆளாக வாங்குபவருக்கு ஏதாவது பாதுகாப்புத் தருமா என்பதுதான் அது. தராது என்பது என் பதில். ஏன் தராது என்பதைச் சொல்ல அந்த வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோமொபைல் பொறியியல் படித்து, சில ஆண்டுகள் ஒரு ஜெர்மானிய கார் சர்வீஸ் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவையில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறேன். பெரும்பாலும் டீசல் வண்டிகள்தான் என்னிடம் வருகின்றன. இதனால் என் பார்வையில் ஒரு சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோயில்லாத வண்டி பட்டறைக்கு வருவதில்லை. நான் பார்ப்பதெல்லாம் ஏதோ ஒரு கோளாறோடு வந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு எல்லா பி.எம்.டபிள்யூ வண்டிகளும் இப்படித்தான் என்று சொன்னால், மருத்துவமனையில் நின்றுகொண்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று சொன்னது போலாகிவிடும். அவர்களுடைய ‘எம்’ என்ற அதிவேக வரிசை வண்டிகளையும் மின்சார வண்டிகளையும் பற்றிப் பேச எனக்குப் போதிய கைப்பழக்கம் இல்லை. ஆகவே கீழே எழுதுவது அவற்றுக்குப் பொருந்தாது.

வரலாற்றில் உறுதியாகத் தெரிந்தவை நிறைய. ஆனால் நம் ஊரில் அதிகம் சொல்லப்படுவது உறுதியில்லாத ஒரு கதை. வட்டச் சின்னத்தில் இருக்கும் நீலமும் வெள்ளையும் சுழலும் விமான விசிறி என்று நம்பாதவர் குறைவு. நிறுவனம் விமான என்ஜினில் தொடங்கியது உண்மை. மியூனிக்கில் இருந்த ராப் என்ஜின் தொழிற்சாலை 1917-இல் பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்ற பொருள்படும் இன்றைய பெயரை ஏற்றது. பிறகு 1922-இல் அந்தப் பெயரும் என்ஜின் தொழிலும், 1916 மார்ச்சில் தொடங்கப்பட்டிருந்த மற்றொரு விமான நிறுவனத்துக்கு மாறின. அதனால்தான் நிறுவனம் தன் பிறந்த ஆண்டாக 1916-ஐக் கணக்கிடுகிறது. சின்னம் 1917-இல் பதிவானபோது அதில் இருந்தவை பவேரிய மாநிலத்தின் நிறங்கள். வரிசை மட்டும் மாற்றி வைக்கப்பட்டிருந்தது. விசிறியோடு அது இணைந்தது 1929-இல் வந்த ஒரு விளம்பரப் படத்தில்தான். அந்த விளம்பரமே பின்னாளில் வரலாறு போல நிலைத்துவிட்டது. சின்ன விஷயம்தான். ஆனால் இந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை விளம்பரம் எங்கே முடிகிறது, பொறியியல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பழகுவது, பின்னால் கியர்பாக்ஸ் ஆயில் பற்றிப் பேசும்போது கைகொடுக்கும்.

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் விமான என்ஜின் உற்பத்தியைத் தடுத்தது. பிழைக்க வேறு வழி தேடிய நிறுவனம் 1923-இல் ஆர்32 என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. கார் வந்தது அதற்கும் பிறகு. 1928-இல் ஐசனாக் நகரத்துத் தொழிற்சாலையை வாங்கியபோது, அங்கே பிரிட்டனின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்று ‘டிக்சி’ என்ற பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். ஆக, இந்த நிறுவனம் விற்ற முதல் கார் பிரிட்டிஷ் வடிவமைப்பு. இன்று முன்முகத்தில் பார்க்கும் இரட்டைச் சிறுநீரக வடிவம் 1933-இன் 303 மாடலில் வந்தது. 1936-இன் 328 பந்தயங்களில் பெயர் வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பெருமைப் பட்டியல்கள் வேகமாகக் கடந்துவிடும். மியூனிக்கை ஒட்டிய ஆலாக் தொழிற்சாலையில் விமான என்ஜின் செய்ய, டாக்காவ் வதை முகாமின் கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் பயன்படுத்தப்பட்டார்கள். நிறுவனமே 2016-இல் நூற்றாண்டு கொண்டாடியபோது இதற்காக வருத்தம் தெரிவித்தது. நூறாண்டுப் பெருமை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நூறில் இந்த ஆண்டுகளும் அடங்கும்.

நீங்கள் பார்த்திருக்கும் 320டி-யின் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் 1959-ஐத்தான் காட்டுவேன். போருக்குப் பின் ஐசனாக் சோவியத் பகுதிக்குப் போய்விட்டது. மியூனிக்கில் மிஞ்சியவர்கள் ஒரு பக்கம் மிகப் பெரிய, விலை கூடிய வி8 கார்களையும், மறுபக்கம் இத்தாலிய ஈசோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய, முன்பக்கமே கதவாகத் திறக்கும் ஈசெட்டா என்ற முட்டை வடிவ வண்டியையும் செய்தார்கள். நடுவில், சம்பளக்காரன் ஆசைப்பட்டு வாங்கக்கூடிய கார் எதுவுமே இல்லை. இன்று ஏலத்தில் கோடிக்கணக்கில் போகும் 507 ஸ்போர்ட்ஸ் கார் மொத்தமாக 250 சொச்சம்தான் விற்றது, ஒவ்வொன்றும் நஷ்டம். 1959 டிசம்பர் 9-ஆம் தேதி நடந்த பங்குதாரர் கூட்டத்தில், நிறுவனத்தை, மெர்சிடிஸ் கார்களைச் செய்துவந்த டைம்லர்-பென்ஸ் வசம் ஒப்படைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்தார்கள். புதிய 700 மாடலின் உருவாக்கச் செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதி நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதை ஃபிரெட்ரிஷ் மாதர்ன் என்ற வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார். பத்து சதவீதப் பங்குகளின் ஆதரவு இருந்தால் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்ற சட்ட விதி உதவியது. கூட்டம் தள்ளிப்போனது, டைம்லரின் முன்மொழிவுக்கான கெடுவும் அதோடு முடிந்தது. பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தன் பங்கை உயர்த்தி நிறுவனத்தைத் தனியாக நிற்க வைத்தார். இன்றும் ஏறத்தாழ பாதிப் பங்குகள் அவருடைய மகன், மகள் இருவரிடமே இருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் பேட்டரி ஆலைகளிலும் நாஜிக் காலத்தில் கட்டாய உழைப்பு நடந்தது என்பது பின்னாளில் பொதுவெளிக்கு வந்தது.

தப்பிப் பிழைத்தவர்கள் 1961 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற நான்கு கதவு செடானைக் காட்டினார்கள். ‘புதிய வகுப்பு’ என்று பெயரிட்டு, அடுத்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அளவில் அடக்கமான உடல், அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்த உற்சாகமான நான்கு சிலிண்டர் என்ஜின், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், இவைதான் அதன் சரக்கு. முதலாளி பின் இருக்கையில் சாய்ந்து போவதற்கென்று செய்த வண்டி அல்ல. ஓட்டுபவருக்காகச் செய்த வண்டி. அந்த என்ஜினின் அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். அதே சிலிண்டர் பிளாக்கை ஆதாரமாகக் கொண்டு செய்த டர்போ என்ஜினை வைத்துத்தான் 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். 1500-இன் வழியில் 1968-இல் ‘2002’ என்ற மாடல் வந்தது. அதன் இடத்தை 1975-இல் முதல் 3 சீரிஸ் எடுத்துக்கொண்டது. உங்கள் 320டி அந்தக் குடும்பத்தின் ஆறாம் தலைமுறை. இடையில் 1994-இல் பிரிட்டனின் ரோவரை வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு, 2000-இல் அதைப் பெயருக்குப் பத்து பவுண்டுக்குக் கைமாற்றிவிட்ட கதையெல்லாம் உண்டு. அதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் உள்ளது இதுதான். அறுபது ஆண்டுகளாக அவர்கள் விற்றுவந்தது ஓட்டும் சுகம். அதற்காக என்ஜினை நீளவாக்கில் வைத்து, முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, முன்பின் எடையைச் சமமாக்குகிறார்கள். வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்பதன் காரணம் அந்த அமைப்புதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே அமைப்பில்தான் பட்டறையில் கை நுழைய இடமில்லாமல் போகிறது. எடையைக் குறைக்க முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளை (கன்ட்ரோல் ஆர்ம்) அலுமினியத்தில் வைக்கிறார்கள். அவற்றின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் பல இடங்களில் புஷ்ஷை மட்டும் மாற்றாமல் கையையே மாற்ற வேண்டியிருக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் தொட்டியும் குழாய் இணைப்புகளும் பிளாஸ்டிக். வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்து, தொட்டால் உடையும் பதத்துக்கு வந்துவிடும். இவற்றையெல்லாம் வடிவமைப்புக் குறை என்று சொல்ல மாட்டேன். புது வண்டி வாங்கி, சர்வீஸ் பேக்கேஜ் எடுத்து, ஐந்தாறு ஆண்டுகளில் அடுத்த மாடலுக்கு மாறிவிடுபவரை மனத்தில் வைத்துச் செய்த வண்டி இது. முதல் உரிமையாளருக்கு இவற்றில் பெரும்பாலானவை கண்ணில்கூடப் படுவதில்லை. பில் வருவது மூன்றாவது ஆளுக்கு.

பழைய சொகுசுக் கார் வாங்குபவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். புதிதாக 40 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டியின் விலை 13 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அதன் இன்ஜெக்டரும் டர்போவும் ஹெட்லைட்டும் இன்றும் 40 லட்ச ரூபாய் வண்டியின் உதிரிபாகங்கள்தான். அவற்றின் விலை இறங்கவில்லை, பெரும்பாலும் ஏறியிருக்கும். 13 லட்சத்துக்கு நீங்கள் வாங்குவது வண்டியை மட்டுமே, அதன் பராமரிப்புச் செலவு பழைய தகுதியிலேயே தொடர்கிறது. சென்னையிலேயே தொழிற்சாலை இருக்கிறதே, உதிரிபாகம் மலிவாகக் கிடைக்காதா என்றும் கேட்டிருந்தீர்கள். செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 மார்ச்சில் தொடங்கிய அந்த ஆலையில் 3 சீரிஸ் கார்கள் இணைத்துச் செய்யப்பட்டு வந்தன. பல ஆண்டுகள் வெளிநாட்டிலிருந்து பாகங்களாக வந்ததை இங்கே இணைத்தார்கள். 2015 வாக்கில்தான் என்ஜின் பூட்டுவது, இருக்கை, எக்ஸாஸ்ட் போன்றவற்றில் உள்ளூர் பங்கு பாதி வரை உயர்ந்தது. இதனால் புது வண்டிக்கான இறக்குமதி வரி குறைந்தது. உங்கள் வண்டிக்கு நாளை வேண்டிய, என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் செட்டின் விலையில் இதன் பலனை நான் பார்த்ததில்லை.

இனி அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு வருவோம். 2015 மாடல் என்பதால் அதில் இருப்பது பெரும்பாலும் என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் என்ஜின். அதற்கு அடுத்து வந்த பி47 இந்தியாவில் 2016 தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட மாடலோடுதான் வந்தது. எதற்கும் ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். என்47-இன் பலம் உண்மையானது: இழுவை, மைலேஜ், நெடுஞ்சாலையில் அலுங்காத ஓட்டம். அதன் பலவீனமும் உலகம் அறிந்ததே. பெரும்பாலான என்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் டைமிங் செயின் இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி, ஃப்ளைவீல் ஓரத்தில் இருக்கிறது. அங்கே முறுக்கு அதிர்வு குறைவு என்பதால் பொறியாளரின் பார்வையில் அது நியாயமான இடம். ஆனால் செயினோ அதன் பிளாஸ்டிக் வழிகாட்டியோ தேய்ந்தால், அதை மாற்ற கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்; பல பட்டறைகளில் என்ஜினையே இறக்கிவிடுவார்கள். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் போய்விடும். 2007 முதல் 2011 வரை வந்த என்ஜின்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் பேசப்பட்டது. பின்னால் வந்தவற்றில் பாகங்கள் திருத்தப்பட்டன. ஆகவே 2015 வண்டியில் ஆபத்து குறைவு என்று சொல்லலாம், அறவே இல்லை என்று சொல்ல முடியாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதனால் ஆயிலை நாள் கடத்தி மாற்றிய வண்டியில் செயினும் சீக்கிரம் தளர்வது இயல்பே.

ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பதை இந்த வண்டி தானாகவே கணக்கிட்டுச் சொல்லும். சாதாரண ஓட்டத்தில் அது 25,000 கிலோமீட்டரோ இரண்டு ஆண்டுகளோ கூடப் போகலாம் என்று காட்டும். ஐரோப்பிய நெடுஞ்சாலையில், குளிர்ந்த காற்றில், தரமான எரிபொருளில் ஓடும் வண்டிக்கு அது ஒருவேளை போதும். நம் ஊர் வெயிலில், பஸ் ஸ்டாண்ட் நெரிசலில், ஏ.சி. போட்டு நின்று நின்று போகும் வண்டிக்குப் போதாது என்பது என் கருத்து. தனிப் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் அதில் பாதியில், அதாவது 10,000 முதல் 12,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள்; நானும் அப்படித்தான். கியர்பாக்ஸ் விஷயம் இன்னும் சுவாரசியமானது. எட்டு கியர் கொண்ட இந்த ஆட்டோமேட்டிக்கைச் செய்தது இசட்.எஃப் என்ற ஜெர்மானிய நிறுவனம். என் பார்வையில் இந்த வண்டியின் மிகச் சிறந்த பாகமே அதுதான். அதற்குள் இருக்கும் ஆயில் ஆயுள் முழுவதும் தாங்கும், மாற்றத் தேவையில்லை என்பது கார் நிறுவனத்தின் வாசகம். அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. இரண்டில் யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பார்த்திருக்கும் வண்டி 92,000 ஓடியிருக்கிறது, வயது பத்தைத் தொட்டுவிட்டது; இதுவரை மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலைபேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். 2018-இல் தென்கொரியாவில் இந்த நிறுவனத்தின் டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. எக்ஸாஸ்ட் புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிந்து, அங்கே படிந்த கரியோடு சேர்ந்து, சூட்டில் பற்றிக்கொண்டது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதையொட்டிப் பல நாடுகளில் பதினாறு லட்சம் வண்டிகள் வரை திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் உண்டா, உண்டென்றால் வேலை முடிந்துவிட்டதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால் அவர்கள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதே எண்ணை வைத்து, அந்த வலையமைப்பில் வண்டிக்கு நடந்த சர்வீஸ் பதிவுகளையும் கேளுங்கள். உரிமையாளர் வழியாகக் கேட்டால் கிடைக்கும். விற்பவர் இதற்கு மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

நேரில் பார்க்கப் போகும்போது காலையில், முன்னறிவிப்பில்லாமல் போங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அன்றைய சோதனை வீண், இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, காதை முன்பக்கம் வைக்காமல், முன் கண்ணாடியை ஒட்டிய என்ஜினின் பின்பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். டீசல் இன்ஜெக்டரின் ஒரே சீரான ‘டக்டக்’ இயல்பானது. அதோடு ஒட்டாமல், நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுக்குள் இரும்பில் இரும்பு உரசுவது போல் ‘கரகர’வென்று ஒரு ஒலி எழுந்து அடங்கினால் செயினைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகிக்கத்தான் முடியும், ஒலியை மட்டும் வைத்து முடிவுகட்ட எனக்கே துணிவில்லை. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். கருப்பாக இருப்பது டீசலுக்கு இயல்பு. களிம்பு போல் அப்பியிருந்தால் ஆயில் மாற்றம் தவறியிருக்கிறது. கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா, தொட்டியின் தையல் ஓரத்தில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து ஸ்கேன், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகளில் பதிவாகியிருப்பதை ஸ்கேனர் கருவியால் படித்துப் பார்ப்பது. இதைச் செய்யாமல் இந்தக் கம்பெனியின் பழைய வண்டியை வாங்கவே கூடாது. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைத் திருத்துவது இன்று சிரமமான வேலை இல்லை. ஆனால் இந்த வண்டிகளில் ஓட்டக் கணக்கு மீட்டரில் மட்டும் இருப்பதில்லை, வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகிறது. ஒவ்வொரு கோளாறும் எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதும் சேர்ந்தே எழுதப்படுகிறது. மீட்டர் 92,000 என்று சொல்ல, கியர்பாக்ஸின் நினைவகத்தில் 1,30,000-இல் ஒரு பிழை பதிவாகியிருந்தால், மேற்கொண்டு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. திருத்துபவர்களில் கெட்டிக்காரர்கள் அதையும் அழித்துவிடுவார்கள். எனவே ஸ்கேன் சுத்தமாக இருப்பது மட்டும் உத்தரவாதம் அல்ல. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரத் தேய்மானம் ஆகியவை அந்த எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சென்னைப் பதிவெண் என்று எழுதியிருப்பதால் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் ஏராளம். அவற்றில் பல, காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட பிறகு, துடைத்து மெருகேற்றப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்தன. சாதாரணக் காராக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். பி.எம்.டபிள்யூவில் பேட்டரி டிக்கியில், பல மின்னணுப் பெட்டிகள் தாழ்வான இடங்களில், வயர்கள் தரைவிரிப்புக்கு அடியில். ஈரம் பட்ட இணைப்பு ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, ஒவ்வொன்றாகப் பழிவாங்கும். ஒருமுறை எங்கள் பட்டறைக்கு, வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு வண்டி வந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே நறுமணம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தபோது கீழ்ப்பாதி வரை வெளிறிய மண் நிறம், அதற்கு மேல் ஒரு கோடு போட்டாற்போல் புதுக் கருப்பு. டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கினால் பேட்டரித் தட்டின் மூலையில் காய்ந்த வண்டல். இருக்கை நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. விற்பவர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். உண்மையாகவே தெரியாமலும் இருந்திருக்கலாம். இந்த மூன்று இடங்களையும் நீங்களே, யார் உதவியும் இல்லாமல், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

விலை இதைவிடக் குறைவாக, டெல்லிப் பதிவில் இன்னொரு வண்டி கிடைக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். டெல்லி சுற்றுவட்டத்தில் பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுகளின்படி வந்த கட்டுப்பாட்டால் அவை மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. அந்தப் பத்தாண்டு விதி தமிழ்நாட்டுக்கு இல்லை. வண்டியின் தரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை; நல்லவையும் வருகின்றன. ஆனால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, ஆயுட்கால வரி எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் என்று நினைத்தது கரைந்துவிடும். காகிதம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் முடிவு இதுதான். சர்வீஸ் பதிவு தொடர்ச்சியாக இருந்து, ஸ்கேனும் நேர்ப்பார்வையும் சரியாக இருந்து, வண்டி விலை போக மூன்று லட்சம் ரூபாயைத் தனியாக எடுத்துவைக்க முடிந்து, வீட்டில் அன்றாடத்துக்கு வேறொரு வண்டியும் இருந்தால் வாங்குங்கள். மதுரைச் சாலையில் முதல் முறை அழுத்தி ஓட்டும்போது, அறுபது வருடத்துக்கு முன் மியூனிக்கில் எடுத்த முடிவு எதற்காக என்று புரிந்துவிடும். அதன் பிறகு ஆண்டுக்கு, வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுபவக் கணிப்பே தவிரப் புள்ளிவிவரம் அல்ல. ஒரு வருடம் ஆயிலோடு முடிந்துவிடும், மறுவருடம் டர்போ கேட்கும். 13 லட்சத்தோடு கை காலியாகிவிடும் என்றாலோ, இதுவே வீட்டின் ஒரே வண்டி என்றாலோ வேண்டாம். அந்தப் பணத்துக்கு வாரண்டியோடு ஒரு புது வண்டி எடுத்துவிடுங்கள். சேமிப்பு இன்னும் கொஞ்சம் கூடும் என்றால், 2016-க்குப் பிந்தைய, பி47 என்ஜின் உள்ள 320டி-யைத் தேடலாம். அதிலும் செயின் பின்பக்கம்தான், ஆனால் எனக்கு வரும் வண்டிகளில் அது குறைவாகவே வேலை வைக்கிறது.

காரைக்குடி என்பதால் கடைசியாக இரண்டு நடைமுறை விஷயங்கள். வண்டியில் ரன்-ஃப்ளாட் டயர் இருந்தால் பஞ்சரான பின்னும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். ஆனால் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால் பள்ளத்தில் அடித்தால் வீங்கிவிடும், அதே அளவு டயர் உள்ளூரில் உடனே கிடைக்காது. நீங்கள் வழக்கமாகப் போகும் தூரத்துக்கு 80 கிலோமீட்டர் போதுமா என்று கணக்கிட்டு, போதாதென்றால் ஒரு ஸ்டெப்னியை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது புதியதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றி, புதியதன் ஆயுளைக் குறைத்துவிடும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், இதற்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் யாராவது மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறாரா என்று விசாரித்து, அவரிடமே இந்த வண்டியையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.